தொட்டி மண்ணில் துள்ளும் வெள்ளைப் பூச்சி: விரட்டுவதா, வளர்ப்பதா?

ஆனி மாதச் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் ஊரில் எதுவும் காயாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று பொள்ளாச்சிக்குள் நுழைந்ததும் துவைத்த துணி மூன்று நாள் கொடியிலேயே கிடக்கும், உப்பு ஜாடி கசியும், வாசல் படியில் பாசி வழுக்கும். அந்த மாதத்தில்தான் என் நாற்றுப் பண்ணைக்கு ஆட்கள் ஒரே கேள்வியோடு வருவார்கள். போன வருடம் வந்த ஒரு தங்கச்சி கையில் ரோஜாத் தொட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "ஏனுங்க்கா, தண்ணி ஊத்துனா வெள்ளையா என்னமோ மேல வந்து குதிக்குதுங்க. தெள்ளுப்பூச்சிங்களா? குழந்தை இருக்கற வீடுங்க."

தெள்ளுப்பூச்சி இல்லை. கடிக்காது, நோய் பரப்பாது, செடியின் பச்சை வேரையும் தின்னாது. இதன் பெயர் ஸ்பிரிங்டெயில். எங்கள் பண்ணையில் துள்ளுப்பூச்சி என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். பதினாலு வருடமாகக் குழித்தட்டில் மிளகாய், தக்காளி, கத்தரி நாற்று விட்டு விற்கிறேன். என் தட்டுகளில் இருப்பது முழுக்க மஞ்சித் தூள், அதாவது தென்னை நார் மில்லில் நார் போக மிச்சம் வரும் தூள். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் அது. துள்ளுப்பூச்சிக்கு அதைவிடப் பிடித்த இடம் கிடையாது. அதனால் இந்தப் பூச்சியோடுதான் என் பிழைப்பே நடக்கிறது. அதை எப்படி அடையாளம் காண்பது, எப்போது விடுவது, எப்போது விரட்டுவது, எப்படி ஒரு டப்பாவில் வளர்ப்பது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் அதுதானா என்று பாருங்கள்

தொட்டியின் அடித்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். சலித்த சாம்பலைத் தூவியதுபோல வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புள்ளிகள் மிதந்து வந்தால், ஒரு ஈர்க்குச்சியால் தொடுங்கள். தாளிக்கும் கடுகு போலத் தெறித்தால் அது துள்ளுப்பூச்சி. பெரும்பாலானவை ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும்.

இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமா? நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், அது ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நூறு, இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும், செடி வளர்க்கிறவர்களுக்கு அதைப் போலப் பயன்படுகிற சாமான் வேறில்லை. அடித்தட்டுத் தண்ணீரில் இரண்டு சொட்டைக் கறுப்பு மூடி ஒன்றில் விட்டுப் பாருங்கள். ஆறு கால், முன்னால் இரண்டு குட்டை உணர்கொம்பு, நீள உடம்பு. வயிற்றின் அடியில், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மடங்கிய ஒரு கவை இருக்கும். உண்டிவில்லின் கவைக்குச்சி போல. அதை வயிற்றிலேயே ஒரு சின்னக் கொக்கி பிடித்து வைத்திருக்கிறது. பயந்தால் கொக்கி விடும், கவை தரையை அடிக்கும், பூச்சி மேலே போய்விடும். உருண்டை உடம்புள்ள ஒரு வகை, துள்ளும்போது காற்றில் வினாடிக்கு 368 சுற்று வரை குட்டிக்கரணம் போடுகிறது என்று அமெரிக்காவில் படம் பிடித்து 2024-இல் அளந்து சொன்னார்கள். எல்லாமும் துள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணுக்கு ஆழத்திலேயே வாழும் சில வெள்ளை வகைகளுக்கு அந்தக் கவையே கிடையாது. அவை மிதக்கும், ஊரும், அவ்வளவுதான்.

குழப்பிக்கொள்ளக்கூடியவை சில உண்டு. ஈர மண்ணுக்கு மேலே குட்டியாய்க் கறுப்பு ஈ பறந்தால் அது பூஞ்சை ஈ. அதன் புழு கண்ணாடி போல வெளுத்து, தலை மட்டும் கறுப்பாக இருக்கும், அது இளவேரைக் கடிக்கும். எட்டுக் காலோடு மெல்ல ஊர்ந்தால் மண்ணில் வாழும் சிலந்திப்பேன். பழைய புத்தகத்திலும் மாவு டப்பாவிலும் ஓடுவது புத்தகப்பேன், அதற்குத் துள்ளத் தெரியாது. நிஜமான தெள்ளுப்பூச்சி பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் நசுக்கியதுபோல இருக்கும். நாயும் பூனையும் படுக்கிற இடத்தில் இருக்கும், ஆளைக் கடிக்கும்.

அது ஏன் ஈரத்தை விட்டு நகராது

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும். துள்ளுப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூச்சுக்குழல் இல்லை. தோலாலேயே மூச்சு விடுகின்றன. காற்றை உள்ளே விடுகிற மெல்லிய தோல், உடம்பின் நீரையும் வெளியே விட்டுவிடும். ஆகையால் சுற்றிலும் ஈரம் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். காய்ந்த தரையில் போட்டால் சீக்கிரமே வதங்கிச் சுருண்டுவிடும். ஆனால் அதே தோலின் மேற்பரப்பு தண்ணீர் ஒட்டாதபடி அமைந்திருக்கிறது, தாமரை இலை மாதிரி. அதனால்தான் மூழ்காமல் மிதக்கிறது.

வயிற்றின் முன்பகுதியில் அடியில் ஒரு குட்டிக் குழாயும் உண்டு. ஈரத்தை உறிஞ்சுவதற்கும், வழுக்கும் இடத்தில் ஒட்டி நிற்பதற்கும் அது உதவுகிறது. ஜான் லப்பக் என்ற ஆங்கிலேயர் 1870-களில் இந்தப் பூச்சிகளுக்குக் கொலம்போலா என்று பெயர் வைத்தபோது, பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை இந்தக் குழாயை மனதில் வைத்துத்தான் எடுத்தார். ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊர்ப் பாறையில் கிடைத்த துள்ளுப்பூச்சிப் படிமத்தின் வயது ஏறக்குறைய 40 கோடி ஆண்டு. பூக்கும் செடிகள் உண்டாவதற்கு வெகு காலம் முன்பே இது மட்கைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து குழித்தட்டின் அடியில் இதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

தொட்டியில் இருந்தால் என்ன செய்ய வேண்டும்

பூச்சிக்கு எதுவும் செய்ய வேண்டாம். தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை மட்டும் பாருங்கள்.

இதை நான் பணம் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டேன். பண்ணை தொடங்கிய மூன்றாம் வருடம், ஆடியில் நாற்பது தட்டு மிளகாய் நாற்று. பத்தாம் நாள் தண்டு அடியில் நூல் போல இளைத்துச் சாய ஆரம்பித்தது. வாடிய நாற்றைப் பிடுங்கினால் வேரைச் சுற்றி வெள்ளைப் பூச்சி துள்ளியது. கண்ணால் பார்த்துவிட்டேன், இதுதான் வேரைத் தின்கிறது என்று முடிவு கட்டி, கடையில் சொன்ன பூச்சி மருந்தை வாங்கி ஊற்றினேன். பூச்சி செத்தது, மட்கு உரத்தில் இருந்த மண்புழுவும் செத்தது, நாற்று மட்டும் தொடர்ந்து சாய்ந்தது. நாற்பதில் பதினோரு தட்டுதான் மிஞ்சியது. வந்திருந்தது நாற்றழுகல், பூஞ்சை நோய். சாரல் நாளிலும் வெயில் நாள் கணக்கிலேயே காலையும் மாலையும் தண்ணீர் விட்டது என் தப்பு. அழுகிய வேரைத் தின்னத்தான் துள்ளுப்பூச்சி கூடியிருந்தது. எழவு வீட்டுக்கு வந்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பிடித்ததுபோல் ஆகிவிட்டது.

மருந்தால் வேறொரு கோளாறும் வரும். டி.டி.டி. புழங்கிய காலத்தில் ஐரோப்பாவில் ஒன்றைக் கவனித்தார்கள்: அது தெளித்த மண்ணில் துள்ளுப்பூச்சி குறையவில்லை, பெருகியது. அதை வேட்டையாடித் தின்னும் சிலந்திப்பேன்கள் மருந்தில் செத்துப்போனதுதான் காரணம்.

சரி, தண்ணீர் எப்படி ஊற்றுவது? ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். நுனியில் ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. மஞ்சித் தூள் கலந்த தொட்டி மேலே காய்ந்து செம்மையாய்த் தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும், மேல் நிறத்தை நம்பாதீர்கள். நான் தட்டைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன், கனம் கைக்குப் பழகிவிட்டது. அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை அரைமணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் இரண்டு ஓட்டுத் துண்டு வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். இவ்வளவு செய்தாலே மேலே துள்ளுகிற கூட்டம் வாரத்தில் குறைந்து, மிச்சம் கீழே இறங்கிவிடும். இறங்கியவை அங்கேயே இருக்கட்டும். அவை மேய்வது பூஞ்சை இழை, பூஞ்சை வித்து, பாசி, அழுகிய இலை. நாற்றழுகலை உண்டாக்கும் பூஞ்சைகளில் சிலவற்றையும் மேய்கின்றன. அதற்காக நோய்க்கு மருந்தாக நம்பி இருந்துவிடவும் கூடாது. நல்ல மட்கு மண்ணில் ஒரு சதுர மீட்டருக்குப் பல்லாயிரக்கணக்கில் இவை இருக்கும். இவை இலையை நுணுக்கிப் போடும் எச்சத்தின் மேல்தான் நுண்ணுயிர் வேலை செய்து சத்தைப் பிரித்து வேருக்குக் கொடுக்கிறது.

விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். முளை விட்டு இரண்டு இலைகூட விரியாத நாற்றில் கூட்டம் மிக அதிகமானால், சில வகைகள் அந்தப் பிஞ்சுத் தண்டைச் சுரண்டும். அப்போது மேல் மண்ணை ஒரு நாள் காயவிட்டால் போதும். காளான் வளர்க்கிறவர்கள் மட்டும் கவனமாகவே இருக்க வேண்டும். பூஞ்சை இழைதான் துள்ளுப்பூச்சிக்குச் சாப்பாடு, காளான் படுக்கையோ முழுக்கப் பூஞ்சை இழை. காளான் குடில் பக்கத்தில் மட்குக் குவியல் போடாதீர்கள், வளர்ப்பு டப்பாவையும் அங்கே கொண்டு போகாதீர்கள்.

குளியலறையில் வந்தால்

இங்கே கதை வேறு. வீட்டுக்குள் துள்ளுப்பூச்சி வருகிறது என்றால் எங்கோ தண்ணீர் கசிகிறது, அந்த இடத்தில் பூஞ்சையும் பிடித்திருக்கிறது. சுவரும் நிலைக்கட்டையும் கெடுவதற்கு முன்பே அது வந்து சொல்கிறது.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி. ராத்திரி படுக்கப் போகும் முன் தரையைத் துடைத்துக் காயவிட்டு, ஒட்டுகிற செலோடேப்பைப் பசைப்பக்கம் மேலே பார்க்க, தண்ணீர் போகும் வாய், கதவு நிலையின் அடி, வாஷ்பேசின் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், டைல்ஸ் இடுக்கு என்று நாலைந்து இடத்தில் வையுங்கள். காலையில் எந்தத் துண்டில் அதிகம் ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் ஊற்று. எங்கள் வீட்டில் கதவு நிலையடியில் வைத்த துண்டில் மட்டும் முப்பதுக்கு மேல் இருந்தது. நிலையை விரலால் அழுத்தினால் அவல் மாதிரி உள்ளே போனது. சுவருக்குள் போன குழாயின் இணைப்பு சொட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. பிளம்பரை வைத்துச் சரிசெய்து, நிலையடியைச் செதுக்கிவிட்டு, ஜன்னலைத் திறந்து மின்விசிறி போட்டுக் காயவிட்டோம். பத்து நாளில் ஒன்றுகூட இல்லை.

அதுவரை கண்ணில் படுவதை என்ன செய்வது? ஒரு குவளைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டுக் கலந்து துடையுங்கள். வெறும் தண்ணீர் அதன் தோலில் ஒட்டாது. சோப்பு கலந்தால் ஒட்டிவிடும், மூழ்கிவிடும். கொசு மருந்தோ ஆசிடோ தேவையே இல்லை. கசிவு நிற்காமல் எதை ஊற்றினாலும் அடுத்த வாரம் புதுக்கூட்டம் வரும்.

டப்பாவில் வளர்க்கும் முறை

கண்ணாடிக் குடுவைக்குள் பெரணி, பாசி வளர்க்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். மூடிய குடுவைக்குள் ஒரு இலை அழுகினால் பூசணம் பரவிவிடும். துள்ளுப்பூச்சியைப் போட்டுவிட்டால் அது மேய்ந்து சுத்தம் செய்துகொண்டே இருக்கும். விலைக்கும் விற்கிறார்கள். ஆனால் உங்கள் வாழை மரத்தடியிலேயே இருப்பதை ஏன் வாங்க வேண்டும்?

பிடிப்பதற்கு இப்படிச் செய்யுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்தால் அதுதான் புனல். கழுத்தருகே கொசுவலைத் துண்டு ஒன்றை இரண்டு மடிப்பாக வைத்து, அதன்மேல் மட்கிய இலையை நாலு விரல் உயரத்துக்கு நிரப்புங்கள். கீழே நனைத்த கரித்துண்டு போட்ட கிண்ணம். மேலே ஒரு சாண் தள்ளி 40 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு ஆகாது, சூடு வேண்டும். பல்பு பிளாஸ்டிக்கைத் தொடக் கூடாது, ஆள் இல்லாதபோது எரிய விடவும் வேண்டாம். இலை மேலிருந்து காயக் காய, பூச்சிகள் ஈரத்தைத் தேடிக் கீழே கீழே இறங்கிக் கிண்ணத்தில் விழும். இத்தாலியரான அன்டோனியோ பெர்லேசி 1905-இல் சொன்ன முறை இது. அவர் வெந்நீரால் சூடேற்றினார், பின்னால் சுவீடனின் டல்கிரென் விளக்கை வைத்தார். மண் ஆய்வுக்கு இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். பகலில் மட்டும் எரியவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் போதுமான அளவு சேர்ந்துவிடும். கூடவே சிலந்திப்பேனும் பூரான் குஞ்சும் விழும். லென்ஸில் பார்த்து, நனைத்த தூரிகை நுனியால் துள்ளுப்பூச்சியை மட்டும் எடுத்து வையுங்கள். பொறுமை வேண்டிய வேலை இது ஒன்றுதான். இருபது முப்பது போதும்.

வளர்ப்புக்கு ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா, மூடியோடு. எங்கள் பக்கம் தொட்டிக்கரி கிடைக்கும், தேங்காய்ச் சிரட்டையைச் சுட்ட கரி. இல்லையென்றால் அடுப்புக்கரி. நெல்லிக்காய் அளவு உடைத்து, சாம்பல் போகும்வரை நாலைந்து முறை அலசி, ஒரு இரவு ஊறவிடுங்கள். டப்பாவில் இரண்டு அங்குலம் கரி, அரை அங்குலம் மழைத்தண்ணீர். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள். பூச்சிகளை விட்டு மூடிவிடுங்கள். மூடியில் ஓட்டை போட வேண்டாம், பூஞ்சை ஈ நுழைந்துவிடும். வாரத்துக்கு இருமுறை திறந்து விசிறினால் காற்று போதும்.

தீனி நாலு பச்சரிசி. இல்லையென்றால் பேக்கரிக்கு வாங்கும் உலர் ஈஸ்ட், உப்புப் போடுவதைவிடச் சின்னச் சிட்டிகை. அரிசியில் நடப்பதை ஒரு தடவையாவது லென்ஸில் பாருங்கள். மூன்றாம் நாள் அரிசியைச் சுற்றிப் பஞ்சு போலப் பூசணம் எழும்பும். கெட்டுவிட்டது என்று எடுத்து எறிந்துவிடாதீர்கள். அன்று இரவே ஓரத்தில் துள்ளுப்பூச்சிகள் வந்து வரிசை கட்டும். ஆட்டு மந்தை புல்லில் இறங்கியதுபோல ஓரத்திலிருந்து உள்ளே மேய்ந்துகொண்டே போகும். இரண்டு நாளில் அரிசி வழித்துத் துடைத்ததுபோல வெறுமையாகக் கிடக்கும். அடுத்த தீனியை அதற்குப் பிறகுதான் போட வேண்டும். தீனி அதிகமாகி டப்பா புளித்த வாடை அடித்தால், கரியைத் தண்ணீரில் மூழ்கவைத்து, மிதக்கிற பூச்சிகளை மட்டும் புது டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளில் பெருகும்? ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் ஃபோல்சோமியா கேண்டிடா என்ற கண்ணில்லாத வெள்ளை வகை, 20 டிகிரியில் சுமார் பத்து நாளில் முட்டையிலிருந்து வெளிவந்து, இன்னும் சுமார் மூன்று வாரத்தில் தானே முட்டையிடும். அதில் ஆண் இல்லாமலே பெண் பூச்சிகள் பெருகும். மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க உலகம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நஞ்சு கலந்த மண்ணில் 28 நாள் விட்டு, எத்தனை குஞ்சு பிறந்தது என்று எண்ணுவார்கள். என் டப்பாவில் இருப்பது வாழையடியில் பிடித்தது. ஆனி மாதக் குளிரில் இரண்டு மாதத்தில் கரி வெள்ளையாகிவிடும்.

குடுவைக்கு எடுத்துப் போட, டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு பக்கம் சாய்த்தால் மேலே மிதந்து வரும், கரண்டியால் மொண்டு ஊற்றுங்கள். இல்லையென்றால் ஒரு கரித்துண்டையே எடுத்துக் குடுவை மூலையில் வைத்துவிடுங்கள். மட்கு உரக் குழிக்கும் அப்படித்தான் நான் நாலு துண்டு போடுவேன்.

கோடைதான் இதற்கு ஆபத்து. பங்குனி சித்திரையில் ஓட்டுக்கு அடியில் வைத்த இரண்டு டப்பாவை ஒரே மத்தியானத்தில் இழந்திருக்கிறேன். இப்போது வெயில் ஏறியதும் டப்பாவைக் குடிதண்ணீர்ப் பானை வைக்கும் மணல் திட்டில், பானைக்கு ஒட்டினாற்போல் பாதி புதைத்து வைத்துவிடுகிறேன். மணல் காயாமல் காலையில் ஒரு சொம்பு தண்ணீர். ஒரு டப்பா அந்தத் தங்கச்சி வீட்டிலும் இருக்கிறது. இங்கே செத்தால் அங்கிருந்து இருபது வாங்கிக்கொள்ளலாம்.